நாலேகால் பஸ்ஸை விட்டால்தான் கல்லூரி

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். வீட்டில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் தருகிறோம் என்கிறார்கள், பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கும், ஹாஸ்டலில் விடுவதா வீட்டில் இருந்து அனுப்புவதா, சொன்ன ஃபீஸோடு செலவு நிற்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அக்கா, நான் நாலு வருடம் படித்தது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். அப்புறம் ஆறு வருடம் பாடம் நடத்தியது இன்னொன்றில். ஒன்று நம் மாவட்டத்துக்குள், மற்றது வெளியே. எது எங்கே நடந்தது என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை, பெயரும் வேண்டாம். இரண்டு இடத்திலும் நாள் ஓடுகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

பத்து நாள்தான் இருக்கிறது என்பதால் முதலில் அவசரமான ஒன்று. மகள் ஆறாம் வகுப்பில் இருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டும் முன் பொறியியல் கலந்தாய்வைப் பாருங்கள். 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி இடம் இருக்கிறது, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கமே கட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வராது, அவை தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகப் போனவர்களுக்குத்தான். இது தெரியாமல் மே மாதமே முன்பணம் கட்டிவிட்டு, ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் இடம் கிடைத்ததைப் பார்த்து மனம் நொந்து போன பெற்றோர் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளி இல்லை, கலந்தாய்விலும் விரும்பிய இடம் கிடைக்காது என்றால் மேலே படியுங்கள்.

சரி, நாள் எப்படிப் போகும்? உங்கள் ஊரில் கல்லூரி பஸ் ஏழு, ஏழேகாலுக்கு வந்துவிடும். பஸ் நேராகப் போகாது. ஒவ்வொரு ஜங்ஷனாக உள்ளே புகுந்து, சர்ச் நடையில் ரெண்டு பேர், ரேஷன் கடைப் பக்கம் ஒருத்தி என்று ஏற்றிக்கொண்டு, மார்த்தாண்டம் நெரிசலில் கொஞ்சம் நின்று எட்டே முக்காலுக்குப் போய்ச் சேரும். முக்கால் மணி நேரத் தூரம் ஒன்றரை மணி நேரம் ஆவது இப்படித்தான். ஒன்பதுக்கு வகுப்பு. மதியம் வரை நாலு பீரியட், சாப்பாடு, அப்புறம் லேப் அல்லது மூணு பீரியட், நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலேகாலுக்குப் பஸ்கள் எல்லாம் வரிசையாக இன்ஜினைப் போட்டுக்கொண்டு நிற்கும். டிரைவர் அண்ணன் “மக்ளே, ஓடி வா, வண்டிய எடுக்கப் போறேன்” என்று ஹார்ன் அடிப்பார். பத்து நிமிடத்தில் வளாகமே காலி.

குமரி மாவட்டத்துத் தனியார் பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. நம் மாவட்டம் சின்னது, எங்கே இருந்தும் எங்கேயும் பஸ் உண்டு, அதனால் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் இருந்தே வந்து போகிறார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோறு, அப்பாவின் கண்காணிப்பு, பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரியே போய் வருவது. பள்ளிக்கூடத்தின் பன்னிரண்டு வருடம் பதினாறாக நீளுகிறது, அவ்வளவுதான். கல்லூரி என்பது வகுப்புக்கு வெளியே நடக்கிற பாதியும் சேர்ந்ததுதானே அக்கா? அந்தப் பாதி நாலேகாலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் உங்கள் மகள் பஸ்ஸில் இருப்பாள்.

ஒரு பையனைச் சொல்கிறேன். திற்பரப்புப் பக்கம் வீடு, அப்பா ரப்பர் வெட்டுகிறவர். இரண்டாம் வருடம் வரை வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் லேபுக்கு வெளியே நின்றான். லேபைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஆறு மணி வரை பூட்ட மாட்டார், உள்ளே வந்து இரு என்றார். அன்றைக்கு மூணாம் வருடப் பையன்கள் ரெண்டு பேர் ஒரு சின்ன போர்டில் வெப்பநிலை பார்க்கிற சென்சரை மாட்டிக்கொண்டு இருந்தார்கள். இவன் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இத ஷீட் உலத்துற அறைக்குள்ள வெச்சா வேலை செய்யுமா?” ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறையில் சூடு ஏறினாலும் கெட்டது, இறங்கினாலும் கெட்டது, ராத்திரியெல்லாம் யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவன் அம்மா செய்துகொண்டிருந்தார். பிறகு வாரத்தில் மூணு நாள் அவன் வேண்டுமென்றே நாலேகால் பஸ்ஸை விட்டான். சூடு எல்லை தாண்டினால் போனுக்குச் செய்தி போகிற மாதிரி ஒன்றைச் செய்து, நாலாம் வருட ப்ராஜெக்ட்டாகவும் அதையே வைத்தான். நேர்முகத் தேர்வில் அவனிடம் கேட்டது முழுக்க அதைப் பற்றித்தான். இப்போது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. அவனுடைய சிஜிபிஏ, அதாவது மொத்த மதிப்பெண் சராசரி, எவ்வளவு என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன், இதை வெளியே யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரியில் கேள்வித்தாள் வெளியே இருந்து வரும், விடைத்தாளும் வெளியே போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துவது, முடிவு, பட்டம் எல்லாமே ஒரே வளாகத்துக்குள். இதில் நல்லது நிறைய இருக்கிறது. புதுப் பாடம் ஒன்றை அடுத்த வருடமே கொண்டுவர முடியும், தேர்வு முடிவு சீக்கிரம் வந்துவிடும், சான்றிதழுக்காக அலைய வேண்டாம். ஆனால் பாடம் நடத்தியவரே கேள்வி எடுக்கிறார், அவரே திருத்துகிறார் என்றால் என்ன நடக்கும்? தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ‘முக்கியமான கேள்விகள்’ என்று ஒரு தாள் வரும், அதற்குள் இருந்தே முக்கால்வாசி வந்துவிடும். இன்டர்னல் மார்க் தாராளமாக விழும். எட்டுக்கு மேல் சிஜிபிஏ வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் வைக்கிற முதல் ஆன்லைன் தேர்விலேயே வெளியேறிய பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நானும் அந்தத் தாளைக் கொடுத்தவள்தான், எல்லாரும் பாஸாக வேண்டும் என்ற அழுத்தம் எங்களுக்கும் இருந்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் மகளிடம் சொல்லுங்கள், உள்ளே கிடைக்கிற மார்க்கை மட்டும் நம்ப வேண்டாம், வெளியே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளட்டும். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம், தேர்வு எழுத மட்டும்தான் பணம். ஒரு பருவத்துக்கு ஒன்று முடித்தால் போதும். பாடத்தில் அடித்தளம் எப்படி என்று தெரிய மூணாம் வருடம் ஒரு முறை, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வின் பழைய கேள்வித்தாளை எடுத்து உட்காரட்டும்.

வருகைப் பதிவு கண்டிப்பு. 75 சதவீதம் வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் மருத்துவச் சான்றிதழும் அபராதமும் வாங்கிக்கொண்டு தேர்வு எழுத விடுவார்கள், ரொம்பக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. பெற்றோருக்குச் செய்தி உடனுக்குடன் வரும்.

இனி பணம். சொல்கிற ஃபீஸ் என்பது படிப்புக் கட்டணம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் லேப் என்று ஒன்று, ப்ளேஸ்மெண்ட் பயிற்சி என்று ஒன்று, சங்கம், விழா, யூனிஃபார்ம், கடைசி வருடம் பட்டமளிப்பு விழா. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும், சேர்த்தால் சின்னது இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் வாயால் கேட்காதீர்கள். நாலு வருடத்துக்கும் எந்தத் தலைப்பில் எவ்வளவு, வருடா வருடம் ஏறுமா ஏறாதா என்று தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு இது புரியவே புரியாது. ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் ஜூன், ஜூலை. அந்த மாதங்களில் குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அதே மாதங்களில் மேலே குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் தென்மேற்குப் பருவமழை, ரப்பர் வெட்டு பாதி நாள் நடக்காது. கடலும் இல்லை, தோட்டமும் இல்லை, அப்போதுதான் கவுண்டரில் கடைசித் தேதி ஒட்டியிருக்கும். ஒரு ஜூலையில் என் மாணவி ஒருத்தியின் அப்பா, படகுத் தொழிலாளி, காலையில் இருந்து கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பாதிப் பணம். மீதிக்கு ஆகஸ்ட் பதினைந்து வரை அவகாசம் கேட்க வந்திருக்கிறார், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மகள் ரெண்டு மாடி மேலே வகுப்பில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியக் கூடாது என்றார். நான் அவரைத் துறைத் தலைவரிடம் அழைத்துப் போனேன், ஒரு கடிதம் எழுதினோம், தவணை கிடைத்தது, நாளுக்கு நாள் ஏறும் அபராதமும் நின்றது. எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் அக்கா. கேட்க வேண்டிய இடம் கவுண்டர் இல்லை, துறைத் தலைவர்தான். ஜூன் முதல் வாரமே கேட்டுவிடுங்கள், தேதி முடிந்த பிறகு கேட்டால் குரல் மாறிவிடும்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. நேரடிச் சேர்க்கை என்றதும் சில வங்கிக் கிளைகளில் இழுத்தடிப்பார்கள், ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்த்தோம் என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக முடியும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், ஆனால் வட்டி அதற்கு முன்னாலேயே ஓடும். முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது அவ்வப்போது கட்டிவாருங்கள்.

ஹாஸ்டலா வீடா என்று கேட்டிருந்தீர்கள். பெண்கள் ஹாஸ்டலில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு அறையில் மூணு அல்லது நாலு பேர், ஆறரைக்கு கேட் மூடும், இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வார்டன் வந்து கையெழுத்து வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அப்பாவோ அம்மாவோ போனில் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் இருந்தால் சுதந்திரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது வீட்டைவிடக் கண்டிப்பு. சாப்பாடு வயிற்றுக்குக் கெடுதல் செய்யாது, நாக்குக்கும் ஒன்றும் செய்யாது. சம்பா அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியுமாக வளர்ந்த பிள்ளைக்கு முதல் மாதம் கஷ்டம்தான். நாங்கள் திங்கட்கிழமைக்காகக் காத்திருப்போம், வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைகள் வாழையிலையில் பொதிந்த சோறும் நேந்திரங்காய் வறுத்ததும் கொண்டுவருவார்கள், எட்டுக் கை ஒரே இலையில் விழும்.

ஆனாலும் ஹாஸ்டலில் கிடைத்த ஒன்று எனக்கு வீட்டில் கிடைத்திருக்காது. என் அறைத்தோழிகளில் ஒருத்தி கொல்லத்துக்காரி, ஒருத்தி ராமநாதபுரம். நம்மூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் கேரளப் பிள்ளைகள் நிறைய உண்டு, களியக்காவிளை தாண்டினால் கேரளம்தானே. ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, அதற்கு முந்தின நாள் வளாகம் முழுக்கப் பூக்கோலமும் செட்டு முண்டுமாக இருக்கும். தமிழ்ப் பிள்ளைகளும்தான் கட்டிக்கொண்டு நிற்பார்கள். முதல் வருடம் மலையாளப் பிள்ளைகள் ஒரு மூலை, தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை. இரண்டாம் வருடம் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ராமநாதபுரத்துக்காரிதான் பாவம், எங்கள் பேச்சே அவளுக்கு முதல் ஆறு மாதம் புரியவில்லை. பிற்பாடு திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ வேலை தேடும்போது இந்த ரெண்டு மொழி எவ்வளவு உதவும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், உங்கள் தூரத்துக்கு முதல் வருடம் வீட்டில் இருந்தே போகட்டும். ஹாஸ்டல் பணம் மிச்சம், பிள்ளைக்கும் பழக நேரம் கிடைக்கும். ஆனால் வாரத்தில் ரெண்டு நாள் அவள் நாலேகால் பஸ்ஸில் வர மாட்டாள் என்பதை வீட்டில் இப்போதே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக அவளுடைய அப்பா. லைப்ரரி, லேப், ஏதாவது ஒரு க்ளப், என்.எஸ்.எஸ். என்று எதுவாக இருந்தாலும் சரி, ஆறு மணி வரை இருந்துவிட்டு அரசு பஸ்ஸில் மார்த்தாண்டம் வந்து கருங்கல் பஸ் ஏறினால் ஏழரைக்குள் வீடு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆண் பிள்ளையாக இருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. என் வகுப்புப் பையன்கள் ஆறு மணிக்கு மேலும் டீக்கடையில் நின்று சீனியர்களிடம் கம்பெனி விஷயம் எல்லாம் தெரிந்துகொண்டார்கள். அதே செய்தி எங்களுக்கு ரெண்டு மாதம் கழித்து வந்தது, அதற்குள் விண்ணப்பத் தேதி போயிருந்தது. மூணாம் வருடம் வந்ததும், அதாவது ப்ளேஸ்மெண்ட் தயாரிப்பு தொடங்கும்போது, ஒரு வருடமாவது ஹாஸ்டலில் விட முடியுமா என்று யோசியுங்கள்.

கட்டுப்பாடுகள் நிறைய உண்டு. கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள், சுடிதாருக்கு ஷால், பையன்களுக்கு ஷேவ், ஆணும் பெண்ணும் ரொம்ப நேரம் நின்று பேசினால் ஒருவர் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போவார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இப்படி நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை, வேலையில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். பெற்றோர் கேட்கிறார்கள் என்று பதில் வரும். உண்மையும் அதுதான், நம்மில் பலர் அதைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்க்கிறோம்.

ராகிங் பற்றிப் பயம் இருந்தால், நம் காலத்தில் கேள்விப்பட்ட அளவு இப்போது இல்லை. 1996-ல் ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிகள் 2009-ல் வந்தன. ஒவ்வொரு வருடமும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். 1800-180-5522 என்பது தேசிய உதவி எண், மகளின் போனில் போட்டு வையுங்கள்.

ப்ளேஸ்மெண்ட் நூறு சதவீதம் என்று பெரிய பேனர் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற நிறுவனங்கள் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தத் தாள் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். எடுத்துப் பாருங்கள். பேனரில் போட்டிருக்கும் பெரிய சம்பளம் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது, இந்தத் தாளில் இருப்பதுதான் நடுவில் நிற்கிற பிள்ளைக்குக் கிடைப்பது. அப்படியே அந்தப் படிப்புக்கு இந்த வருடம் ஏஐசிடிஇ-யின், அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின், ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், சேர்க்கும் முன் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். காலையில் போனால் வரவேற்பறையில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, ஏசி போட்ட லேபைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மாலை நாலரைக்குப் போங்கள், பஸ்கள் கிளம்பிய பிறகு. லைப்ரரி திறந்திருக்கிறதா, எந்த லேபிலாவது விளக்கு எரிகிறதா, மிச்சம் நிற்கிற பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் ரெண்டு பெண் பிள்ளைகளிடம் உங்கள் மகளையே பேச விடுங்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

சான்றிதழ் விஷயம் ஒன்று. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. கேட்டால் மரியாதையாக அதைச் சொல்லி, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். போய்ப் பார்த்துவிட்டு அந்த ஃபீஸ் தாளில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள் அக்கா, சேர்ந்து பார்க்கலாம்.